முதல் கீறலுக்கு முன்: பாதத்தில் வரும் அரிய சதைப் புற்றுகள்

கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. பாதத்தின் மேற்புறத்திலோ, உள்ளங்கால் வளைவிலோ, இரண்டு விரல்களுக்கு நடுவிலோ இருக்கும். செருப்பு வார் உரசினால் கொஞ்சம் வலிக்கும், மற்ற நேரம் இருப்பதே தெரியாது. இப்படி வருகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி, உள்ளங்கால் நார்க்கட்டி, எப்போதோ தைத்த முள்ளைச் சுற்றி இறுகிய சதை, யூரிக் அமிலப் படிவு என்று பட்டியல் நீளும். சார்கோமா எனப்படும் சதைப் புற்று, பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். அதிலும் பாதத்தில் வருவது ஒரு சிறு பங்கு.

அரிது என்பதிலிருந்துதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. நூறு நீர்க்கட்டிகளை எடுத்துப் பழகிய கை, நூற்றியோராவது கட்டியையும் அதே மாதிரிதான் எடுக்கும். மரத்துப்போக ஓர் ஊசி, குறுக்கே ஒரு கீறல், விரல் நுனியால் நெம்பினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும் உருண்டை, நாலு தையல். 'முழுசா வந்துடுச்சு' என்ற திருப்தி வேறு. அந்த உருண்டை ஆய்வகத்துக்குப் போகாமல் குப்பைக்குப் போவதும் உண்டு. ஆய்வகத்துக்குப் போனால், பத்து நாள் கழித்து வரும் தாளில் சார்கோமா என்று இருக்கும்.

முழுசாக வந்ததாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சார்கோமா வளரும்போது சுற்றியுள்ள திசுவை நெருக்கித் தள்ளுகிறது. அப்படி நசுங்கிய திசு ஓர் உறை போலத் தெரியும். உண்மையில் அது உறை அல்ல, அதற்குள்ளும் அதைத் தாண்டியும் புற்று அணுக்கள் இருக்கும். நெம்பி எடுத்தால் கட்டி வெளியே வரும், அதன் வேர்ப்படலம் உள்ளே தங்கும். கூடவே வழிந்த ரத்தம் அந்த அணுக்களைப் பாதத்தின் இடுக்குகளுக்கெல்லாம் கொண்டுபோகும். இந்த நோயில் எவ்வளவு காலைக் காப்பாற்றலாம் என்பதைக் கடைசி அறுவையைவிட முதல் கீறலே அதிகம் தீர்மானிக்கிறது. இங்கே சொல்லப்போகிற மற்ற எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

அளவு ஏமாற்றும்

சதைக்கட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் நான்கு: 5 செ.மீ.க்கு மேல் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, ஆழத்தில் இருப்பது, வலிப்பது. தொடைக்கு இவை சரி. தொடையில் 5 செ.மீ. கட்டி ஒளிந்துகொள்ளும். பாதத்தில் 5 செ.மீ. என்றால் பாதத்தின் பாதி அகலம். அந்த அளவு வரும்வரை காத்திருந்தால், நரம்பும் ரத்தக்குழாயும் தசைநாணும் எலும்பும் அதனோடு சேர்ந்திருக்கும். பாதத்துச் சார்கோமாக்கள் பல 2, 3 செ.மீ. அளவிலேயே கண்டுபிடிக்கப்படுகின்றன. அதனால் இங்கே அளவு ஓர் ஆறுதல் ஆகாது. கெட்டியான, காரணம் தெரியாத எந்தக் கட்டியும் கத்திக்கு முன் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

'ரெண்டு மூணு வருஷமா அப்படியே இருக்கு, அப்போ புற்றா இருக்காது' என்ற கணக்கும் தவறு. பாதத்தில் அடிக்கடி வரும் சார்கோமாக்களில் ஒன்றான சினோவியல் சார்கோமா இந்தக் கணக்கைத்தான் பொய்யாக்குகிறது. பதின்வயதினருக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வரும் இந்தக் கட்டி வருடக்கணக்கில் மெதுவாக வளரக்கூடியது. கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே வலி தொடங்குவதும் உண்டு. (பெயரைப் பார்த்து மூட்டுச் சவ்விலிருந்து வருவதாக நினைக்க வேண்டாம். நுண்ணோக்கியில் அப்படித் தெரிந்ததால் வைத்த பெயர் அது. அந்தச் சவ்வுக்கும் இதற்கும் உறவில்லை.)

கையால் தொட்டுப் பார்த்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். நீர்க்கட்டி பெரும்பாலும் பாதத்தின் மேற்புறத்தில், மூட்டையோ தசைநாணையோ ஒட்டி இருக்கும். சில வாரம் பெரிதாகி, சில வாரம் சிறுத்துப்போகும். அறையை இருட்டாக்கி ஒரு சிறிய டார்ச்சைக் கட்டியின் பக்கவாட்டில் வைத்தால் உள்ளே ஒளி பரவும். கெட்டிக் கட்டி இருட்டாகவே இருக்கும். ஊசி போட்டு உறிஞ்சினால் கண்ணாடி மாதிரி தெளிந்த, பிசுபிசுப்பான கூழ் வர வேண்டும். கூழ் வராமல் ரத்தம் வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, பாதி மட்டும் சுருங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஊசியைத் திருப்பித் திருப்பிக் குத்திப் பார்ப்பது கெட்ட பழக்கம்.

உள்ளங்கால் நார்க்கட்டி வளைவின் உட்பக்கத்தில், எடை தாங்காத இடத்தில், அடித்தட்டு நாரோடு (குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் விரியும் தடித்த பட்டை) ஒட்டியபடி கெட்டியாக இருக்கும். இரண்டு காலிலும் வருவது சகஜம். உள்ளங்கையிலும் அதே மாதிரி முடிச்சு இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். இதைப் புற்று என்று பயந்து அவசரமாக வெட்டுவதும் தவறுதான். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் முன்னைவிடப் பரவலாக. மெத்தென்ற உள்தட்டில் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பள்ளம் வெட்டிக் கொடுத்தாலே பலர் நிம்மதியாக நடப்பார்கள்.

விரலிடுக்கு வலிக்கு 'மார்ட்டன் நியூரோமா' (விரல் நரம்பைச் சுற்றித் தடித்த திசு) என்று பெயரிட்டு ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். மூன்றாவது, நாலாவது விரல்களுக்கு நடுவில் எரிச்சலும் மரப்பும் இருந்தால் அது பெரும்பாலும் சரியான கணிப்பே. ஆனால் விரல்கள் இரண்டும் விலகி நிற்கிற அளவுக்கு நடுவில் கட்டி புடைத்திருந்தால், ஸ்கேன் எடுக்காமல் அங்கே ஊசி போடக் கூடாது. யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதை வைத்துக் கட்டியைக் கவுட் படிவு என்று முடிவுகட்டுவதும் அப்படித்தான். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக உள்ள ஒருவருக்கு வேறு கட்டி வரக் கூடாது என்று சட்டம் இல்லை.

தோல் புண்ணாக வருகிறவை தனி ரகம். எபிதீலியாய்டு சார்கோமா விரலிலோ உள்ளங்காலிலோ சிறு முடிச்சாகத் தொடங்கி, மேல்தோல் உடைந்து, ஆறாத புண்ணாக நிற்கும். மரு, கால் ஆணி, சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போடப்படும். உள்ளங்காலில் வரும் மெலனோமா (நிறமி அணுக்களில் தொடங்கும் தோல் புற்று) சார்கோமா அல்ல என்றாலும் அதற்கும் இதே கதி. அதிலும் கறுப்பு நிறமே இல்லாத வகை இன்னும் ஏமாற்றும். பாத மெலனோமாவை அடையாளம் காண 2010-ல் வெளியான ஒரு வழிகாட்டி ஐந்து கேள்விகளைத் தருகிறது. தோல் நிறத்திலிருந்து மாறிய இடம் இருக்கிறதா, என்ன நோய் என்பதில் ஐயம் இருக்கிறதா, ரத்தமோ நீரோ கசிகிறதா, சிகிச்சை கொடுத்தும் பெரிதாகிறதா, 2 மாதம் தாண்டியும் ஆறவில்லையா. இவற்றில் இரண்டுக்கு 'ஆம்' என்றால் நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. மெலனோமாவுக்காக எழுதப்பட்டாலும் பாதத்தின் எந்த ஆறாத புண்ணுக்கும் இதைப் பயன்படுத்தலாம். புண்ணிலிருந்து சதை எடுக்கும்போது நடுவிலுள்ள அழுகலை எடுத்து அனுப்பிப் பயனில்லை. உயிரோடிருக்கும் விளிம்பிலிருந்து, ஆழமாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுக்க வேண்டும்.

ஊதா நிறத்தில் தட்டையான திட்டுகளோ முடிச்சுகளோ பாதத்திலும் கணுக்காலிலும் பல இடங்களில் வந்தால் கபோசி சார்கோமாவை நினைக்க வேண்டும். எச்.எச்.வி.-8 வைரஸ் இதன் காரணி. எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். இருந்தால், அதற்கான மருந்தே பல நேரங்களில் திட்டுகளைச் சுருக்கிவிடும். இது கத்திக்கான நோய் அல்ல.

படம் எடுப்பதில் நடக்கும் பிழைகள்

சாதாரண எக்ஸ்ரேயைத் தவிர்க்காதீர்கள். சினோவியல் சார்கோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியும். எலும்பு அரித்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அல்ட்ராசவுண்டு நீரா கெட்டியா என்ற ஒரு கேள்விக்கு நல்ல பதில் தரும். டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் தெரிந்தால் அது நீர்க்கட்டி அல்ல. அதற்கு மேல் அல்ட்ராசவுண்டிடம் கேட்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில்தான் கவனம் வேண்டும். பாதம் சிறியது, அதனால் கணுக்காலுக்கும் பாதத்துக்கும் உள்ள சிறிய காயிலில் (படத்துக்கான சிக்னலை வாங்கும் வளையம்) எடுக்க வேண்டும். கட்டி இருக்கும் தோலின் மேல் ஒரு வைட்டமின் மாத்திரையை, எண்ணெய் நிரம்பிய ஜெல் வகையை, ஒட்டிவிட்டால் படத்தில் இடம் பளிச்சென்று தெரியும். டி1 வரிசை (வரிசை என்பது எம்.ஆர்.ஐ.யின் ஒரு படவகை), கொழுப்பின் ஒளியை அடக்கிய டி2 வரிசை, பிறகு திசுவைப் படத்தில் ஒளிரச்செய்யும் கடோலினியம் மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் படங்கள் என இவ்வளவும் தேவை. மருந்து ஏற்றும் முன் சிறுநீரகப் பரிசோதனை பார்க்கப்படும்.

செலவையோ நேரத்தையோ மிச்சப்படுத்த மருந்து ஏற்றாமல் எடுத்த படம்தான் பாதத்தில் அதிகம் ஏமாற்றுகிறது. சினோவியல் சார்கோமாவும் கூழ் நிறைந்த பிற சார்கோமாக்களும் டி2 படத்தில் நீர்க்கட்டி போலவே பளபளக்கும். அறிக்கையில் 'கேங்லியானாக இருக்கலாம்', அதாவது நீர்க்கட்டி, என்று வரும். மருந்து ஏற்றினால் கதை மாறும். நீர்க்கட்டியில் மெல்லிய சுவர் மட்டும் ஒளிரும், புற்றில் உள்ளேயே ஒளிரும். வேறு சில துப்புகளும் உண்டு. உள்ளங்கால் நார்க்கட்டி பெரும்பாலும் இரண்டு வரிசையிலும் மங்கலாகவே இருக்கும். தசைநாண் உறையில் வரும் ராட்சத அணுக் கட்டி தீங்கற்றது. அதில் படிந்த இரும்புச்சத்து சில வரிசைகளில் கறுப்பாகப் பூத்துத் தெரியும். பூஞ்சையாலோ பாக்டீரியாவாலோ வரும் மைசெட்டோமா என்ற கட்டியில் சிறு வட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளியும் இருக்கும்.

எம்.ஆர்.ஐ. எப்போதும் பயாப்ஸிக்கு (பரிசோதனைக்குச் சதை எடுப்பதற்கு) முன். ஊசி குத்திய பிறகு எடுத்தால், உள்ளே கசிந்த ரத்தமும் வீக்கமும் எது கட்டி எது காயம் என்று பிரிக்க விடாது. படம் கணுக்கால் உட்புறச் சுரங்கம் வரை மேலே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளங்காலின் நடு அறை அந்தச் சுரங்கம் வழியாகக் கெண்டைக்காலின் ஆழ் அறையோடு தொடர்புள்ளது. புற்றும் ரத்தமும் போகிற பாதை அது.

ஊசி எந்த வழியாகப் போகிறது

அமெரிக்காவில் 1982-ல் வெளியான ஓர் ஆய்வு 329 நோயாளிகளின் எலும்பு, சதைப் புற்று பயாப்ஸிகளை அலசியது. நோயைக் கண்டறிவதில் பெரும் பிழை 18.2 சதவீதத்தில் நேர்ந்திருந்தது. 4.5 சதவீதம் பேர் பயாப்ஸிக் கோளாறால் மட்டுமே தேவையில்லாமல் காலையோ கையையோ இழந்திருந்தார்கள். 1996-ல் 597 பேரை வைத்துத் திரும்பப் பார்த்தபோதும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. இரண்டு முறையும் கிடைத்த பாடம் ஒன்று: இறுதி அறுவையைச் செய்யப்போகிற மையத்திலேயே பயாப்ஸியும் நடந்தால் பிழைகள் பல மடங்கு குறைகின்றன. காரணம் எளிது. ஊசி போன பாதை முழுவதும் புற்று படிந்ததாகக் கருதி, கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். எங்கே வெட்டப் போகிறோம் என்று தெரிந்தவரால்தான் எங்கே குத்துவது என்று முடிவுசெய்ய முடியும்.

முதல் தேர்வு தடித்த ஊசி பயாப்ஸி. 14 அல்லது 16 கேஜ் ஊசி, வெளியுறையோடு கூடியது. உறை ஒருமுறை உள்ளே போனால் போதும், அதே வழியாக 4 முதல் 6 துண்டுகள் எடுக்கலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, கட்டியின் செத்துப்போன நடுப்பகுதியைத் தவிர்த்து, எம்.ஆர்.ஐ.யில் நன்றாக ஒளிர்ந்த பகுதியில் எடுக்க வேண்டும். குத்திய இடத்தைப் பச்சை குத்தியோ சிறு தையல் போட்டோ அடையாளப்படுத்துவது நல்லது. நான்கு வாரத்தில் அந்தப் புள்ளி மறைந்துவிடும், பிறகு எதை வெட்டுவது? மெல்லிய ஊசியில் அணுக்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. இந்த நோய்க்குப் போதாது. வகை பிரிக்கவும் மரபணுப் பரிசோதனைக்கும் சதைத் துண்டு வேண்டும்.

பாதத்துக்கென்று சில கூடுதல் விதிகள். உள்ளங்காலின் எடை தாங்கும் தோல் வழியாகப் போகக் கூடாது. உட்பக்க விளிம்பிலிருந்து போகலாம். ஒரு தசைநாண் உறையையோ மூட்டையோ ஊடுருவினால், அது முழுவதும் இனி வெட்டவேண்டிய பகுதியில் சேரும். மேற்புறத்துக் கட்டியைக் கீழிருந்து குத்தினால் இரண்டு தளமும் கெட்டன. வேறு வழியின்றித் திறந்து எடுக்க நேர்ந்தால், கீறல் காலின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்குக் கீறலைச் சுற்றி அகலமாக வெட்டினால் பாதத்தின் மேற்புறத்தில் மூட முடியாத பெரும் பள்ளம் விழும். ரத்தத்தைத் தடுக்க டூர்னிக்கே கட்டலாம், ஆனால் ரப்பர் பட்டையால் காலை இறுக்கிச் சுற்றி ரத்தத்தை மேலே தள்ளக் கூடாது. கட்டியைப் பிழிந்தது போலாகும். சில நிமிடம் காலைத் தூக்கிப் பிடித்தாலே போதும். தையலுக்கு முன் டூர்னிக்கேயைத் தளர்த்தி ஒவ்வொரு ரத்தக்கசிவையும் நிறுத்த வேண்டும். வடிகுழாய் வைத்தால் கீறலின் நேர்கோட்டிலேயே, அதன் முனைக்கு அருகில் வெளியே வர வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் தாளில் எழுதுவதில் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 'கால் கட்டி' என்று இரண்டு வார்த்தை எழுதினால், அதற்கேற்ற அறிக்கைதான் வரும். வயது, துல்லியமான இடம், ஆழம், எவ்வளவு காலமாக இருக்கிறது, எம்.ஆர்.ஐ. சொன்னது, சார்கோமா சந்தேகம் என எல்லாமே எழுதப்பட வேண்டும். சதையைப் போல 10 மடங்கு ஃபார்மலின் புட்டியில் இருக்க வேண்டும். சேலைனில் போட்டு இரவு முழுக்க வைத்த சதை எதற்கும் உதவாது.

பெயர் ஏன் முக்கியம்

சதைக் கட்டியைப் படிப்பது பேத்தாலஜியிலேயே கடினமான பகுதிகளில் ஒன்று. பாதத்தில் அது இன்னும் கடினம், ஏனென்றால் இங்கே வருகிற அரிய வகைகள் வேறொன்றைப் போல வேஷம் போடுபவை.

கிளியர் செல் சார்கோமா தசைநாண்களையும் அடித்தட்டு நாரையும் ஒட்டி வரும். பாதமும் கணுக்காலும்தான் அதற்கு மிகவும் பிடித்த இடம். 1965-ல் எஞ்சிங்கர் இதைத் தனி நோயாக விவரித்தார். மெலனின் நிறமியை உண்டாக்கும் இந்தக் கட்டி, எஸ்-100, எச்.எம்.பி.-45 ஆகிய சாயப் பரிசோதனைகளில் மெலனோமா போலவே நிறமேறும். பிரித்துக் காட்டுவது மரபணு. 12-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 என்ற மரபணு உடைந்திருக்கும். மெலனோமாவில் இது இருக்காது. இந்தச் சோதனை செய்யாமல், தோலில் மூலப்புண் எதுவும் இல்லாத 'ஆழ்ந்த மெலனோமா' என்று ஓர் அறிக்கை வந்தால், மறுபரிசோதனை கேட்பதே முறை.

எபிதீலியாய்டு சார்கோமாவையும் அதே எஞ்சிங்கர்தான் 1970-ல் பிரித்துக் காட்டினார். நுண்ணோக்கியில் நடுவில் செத்த திசு, சுற்றிலும் அணுக்களின் வளையம். காசநோய்க் கரணை, முடக்குவாத முடிச்சு என்று தவறாகப் படிக்க எல்லா வசதியும் உண்டு. ஐ.என்.ஐ.1 என்ற புரதம் அணுக்களில் காணாமல் போயிருப்பதே இதன் முத்திரை. ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டும் ஆறாத பாதப்புண்ணின் பழைய பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) இந்த ஒரு சாயத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்வது வீண்செலவு ஆகாது.

சினோவியல் சார்கோமாவில் எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் ஒட்டி, எஸ்.எஸ்.18 மரபணு இணைப்பு உண்டாகியிருக்கும். கைகால் நுனிகளில் வரும் மிக்சோ அழற்சி வகைச் சார்கோமா என்று இன்னொன்று உண்டு. வெறும் அழற்சி என்று அறிக்கை வரும் அளவுக்குச் சாது முகம். எடுத்த இடத்திலேயே திரும்ப வரும், தூரமாகப் பரவுவது அபூர்வம்.

சார்கோமா பொதுவாக ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போகும். அதனால் நெஞ்சு சி.டி. எல்லோருக்கும் வேண்டும். நெறி கட்டுவது, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது, மொத்தத்தில் குறைவு. ஆனால் கிளியர் செல், எபிதீலியாய்டு வகைகளில் அது கணிசம். தொடை இடுக்கையும் முழங்கால் பின்குழியையும் தொட்டுப் பார்த்து, அல்ட்ராசவுண்டோ பெட் ஸ்கேனோ எடுத்து, சில மையங்களில் முதல் நிணநீர் முடிச்சையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

எவ்வளவு வெட்டுவது

இலக்கு ஒன்றுதான். கட்டியைக் கண்ணால் பார்க்காமலே, அதைச் சுற்றி ஆரோக்கியமான திசுவின் ஒரு போர்வையோடு முழுத் துண்டாக எடுப்பது. தொடையில் 1, 2 செ.மீ. போர்வை கிடைக்கும். பாதத்தின் மேற்புறத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவிலான மொத்தத் தடிமனே அவ்வளவு வராது. அதனால் இங்கே சென்டிமீட்டரைவிடத் தடுப்புச்சுவர் முக்கியம். எலும்பின் மேலுறை, தசைநாண் உறை, அடித்தட்டு நார் போன்றவற்றைப் புற்று எளிதில் தாண்டாது. அப்படி ஒரு சுவர் முழுசாகப் போர்வையில் சேர்ந்திருந்தால் சில மில்லிமீட்டரும் போதும்.

விரலிடுக்குக் கட்டிக்கு இரு பக்கத்து விரல்களையும் அவற்றின் நெடிய எலும்புகளோடு எடுப்பது வழக்கமான தீர்வு. வெளிப்பக்கத்து இரண்டு வரிசைகள் போனாலும், ஷூவுக்குள் நிரப்பி வைத்து நன்றாக நடக்கலாம். பெருவிரல் வரிசை போனால் உந்தி நடக்கும் விசை குறையும், எடை பக்கத்து விரல்களுக்குப் போய் அங்கே தழும்பேறும். பாதத்தின் நடுவே, கணுக்காலுக்கு முன் மூட்டுகளில் துண்டிப்பது காகிதத்தில் காலைக் காப்பது போலத் தெரியும். குதிகால் தசைநாணை எதிர்த்து இழுக்கும் தசைகள் போய்விடுவதால், மிச்சப் பாதம் கீழ்நோக்கி மடங்கி, தையல் தழும்பின் மேலேயே நிற்கவேண்டி வரும். தசைநாண்களைச் சமன்படுத்தித் தைக்காவிட்டால் அந்த மிச்சம் பாரம்தான்.

குதிகாலில் வரும் கட்டி மிகக் கடினம். குதிகால் மெத்தை சிறுசிறு அறைகளாகக் கொழுப்பை எலும்போடு கட்டிவைத்திருக்கும் அமைப்பு. அதற்கு இணை உடலில் வேறெங்கும் இல்லை. தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுத்து ஒட்டும் சதை உயிரோடு இருக்கும், ஆனால் எடை விழும்போது வழுக்கும், உணர்ச்சி இருக்காது, கொஞ்ச நாளில் புண்ணாகும். உள்ளங்கால் வளைவிலிருந்து உணர்ச்சி நரம்போடு திருப்பி வைக்கும் சதை சிறிய குழிகளுக்கு நல்லது, வளைவு புற்றில்லாமல் இருந்தால்.

இந்த இடத்தில் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தோல்வி என்று பேசுவதை நிறுத்த வேண்டும். முழங்கால் மூட்டுக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 12 முதல் 15 செ.மீ. தண்டு இருந்து, நல்ல செயற்கைக் காலும் கிடைத்தால், இளைஞர்கள் ஓடுகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். கதிர்வீச்சால் இறுகி, உணர்ச்சியற்று, ஆறு மாதத்துக்கொரு முறை புண்ணாகும் பாதத்தைவிட அது மேலான கால். அதேசமயம், காலை எடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1982-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்ட, 43 பேர் பங்கேற்ற ஒப்பீட்டில் காலைக் காத்து கதிர்வீச்சும் கொடுத்தவர்களுக்கும் காலை எடுத்தவர்களுக்கும் உயிர்வாழ்வில் வித்தியாசம் தெரியவில்லை. துண்டிப்பு என்பது உபயோகமான பாதம் மிஞ்சாதபோது எடுக்கும் முடிவு.

கதிர்வீச்சை அறுவைக்கு முன் கொடுத்தால் 25 தவணையில் 50 கிரே (கதிர்வீச்சின் அளவை அலகு), பின் கொடுத்தால் 60 முதல் 66 கிரே. முன் கொடுப்பதில் அளவும் பரப்பும் குறைவு, பிற்காலத்தில் சதை இறுகுவதும் குறைவு. விலை, ஆறாத காயம். 2002-ல் வெளியான கனடிய ஆய்வில் காயச் சிக்கல் முன்கொடுத்தவர்களில் 35 சதவீதம், பின்கொடுத்தவர்களில் 17 சதவீதம். பாதத்தில் ரத்த ஓட்டமே குறைவு என்பதால் இந்த விலை இன்னும் கூடும். கதிர்வீச்சு முடிந்து 4 முதல் 6 வாரம் விட்டுத்தான் அறுவை. எடை தாங்கும் தோலின் ஒரு பட்டையையாவது கதிரிலிருந்து விலக்கித் திட்டமிட முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

கீமோ எல்லோருக்கும் இல்லை. 5 செ.மீ.க்குக் குறைவான, சுத்தமாக எடுக்கப்பட்ட கட்டிக்குப் பெரியவர்களில் பெரும்பாலும் தேவைப்படாது. சினோவியல் சார்கோமா பெரிதாக இருந்தாலோ பரவியிருந்தாலோ டாக்சோரூபிசினும் ஐஃபாஸ்ஃபமைடும் நன்றாகப் பிடிக்கும். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கும் என்பதால் தொடங்கும் முன் எக்கோ எனும் இதய ஸ்கேன், வாழ்நாள் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு. ஐஃபாஸ்ஃபமைடோடு சிறுநீர்ப்பையைக் காக்க மெஸ்னா கட்டாயம். கிளியர் செல் இந்த மருந்துகளுக்கு அவ்வளவாக மசியாது. முழுமையாக வெட்டி எடுக்க முடியாத எபிதீலியாய்டு சார்கோமாவுக்கு டாஸமெடோஸ்டாட் மாத்திரைக்கு 2020-லும், கீமோவுக்குப் பிறகும் பரவிய சினோவியல் சார்கோமாவுக்கு நோயாளியின் சொந்த டி-அணுக்களை மாற்றியமைக்கும் சிகிச்சைக்கு 2024-லும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவதற்கு நோயாளியின் திசு வகையும் கட்டியின் புரதமும் பொருந்த வேண்டும். சரியான பெயர் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஏற்கெனவே எடுத்துவிட்டால்

நீர்க்கட்டி என்று எடுத்தது சார்கோமாவாக வந்துவிட்டது என்று வையுங்கள். 'ஓரம் சுத்தமா இருக்கு' என்ற வாய்மொழியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இப்படி மறுபடி வெட்டிப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் மிச்சம் இருப்பது ஆய்வுகளில் சகஜமாகக் காணப்படுகிறது. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல, நுண்ணிய மிச்சத்தை அது காட்டாது. பதற்றத்தில் அதே வாரம் மறுபடி திறக்கவும் வேண்டாம். சார்கோமா மையத்தில் பழைய கண்ணாடித் தகடுகளையும் மெழுகு பிளாக்கையும் திரும்பப் படிக்க வேண்டும், முதல் அறுவைக் குறிப்பு வேண்டும், புது எம்.ஆர்.ஐ.யும் நெஞ்சு சி.டி.யும் வேண்டும். பிறகு பழைய தழும்பு, தையல் ஓட்டைகள், வடிகுழாய்த் துளை, ரத்தம் பரவிய இடம் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுக்கும் அறுவை. குறுக்குக் கீறல் விழுந்திருந்தால் இந்தக் கட்டத்தில்தான் அதன் கணக்குத் தீர்க்கப்படும், பெரும்பாலும் ஒட்டுச் சதையாகவோ ஒரு விரலாகவோ.

கண்காணிப்பு முதல் 2, 3 வருடம் 3, 4 மாதத்துக்கு ஒருமுறை, 5 வருடம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பாதம், தொடை இடுக்கு, நெஞ்சுப் படம். நுரையீரலில் ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் வந்தால் அவற்றை வெட்டி எடுத்து நீண்ட காலம் வாழ்பவர்கள் உண்டு, அதனால்தான் அதைச் சீக்கிரம் பார்ப்பதில் பயன் இருக்கிறது. ஒட்டுச் சதையில் உணர்ச்சி இல்லாதவர்கள் தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவந்த இடம் 20 நிமிடத்தில் மங்காவிட்டால் செருப்பை மாற்ற வேண்டும்.

சினோவியலும் கிளியர் செல்லும் 5 வருடம் தாண்டியும், சில நேரம் 10 வருடம் தாண்டியும் திரும்பக்கூடியவை. அதற்குள் மருத்துவர் மாறியிருப்பார், ஊர் மாறியிருக்கும். கோப்பில் அறிக்கைத் தாள் மட்டும் இருந்தால் போதாது. மெழுகு பிளாக் எந்த ஆய்வகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்பது, முதல் எம்.ஆர்.ஐ.யின் குறுந்தகடு, அறுவைக் குறிப்பு, வாங்கிய கிரே, ஏறிய டாக்சோரூபிசினின் மொத்த அளவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்பதாவது வருடம் இருமலுக்காக எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே கோரிக்கையிலும் 'முன்பு பாதத்தில் சார்கோமா' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.